எல்லாவற்றுக்கும் ஒன்று

கண்ணாடி மேசைமேல் மூன்று லென்சுகள்,
மூடி போட்டுக்கொண்டு,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போல.

"எதற்கு வேண்டும்?" என்கிறார் கோ தெய்ன் ஹான்.
"எல்லாவற்றுக்கும்."
சிரிக்கிறார். முப்பத்துமூன்றாம் தெருவில்
இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே
பல் சிவந்தவர்.

எல்லாவற்றுக்கும் என்றால்
விடிகாலை ஆவி பறக்கும் மொஹிங்கா அண்டா,
டாலா படகில் கூடையோடு ஏறும் வாத்துகள்,
பருப்புக் கிடங்கில் என் கணக்கு மேசை,
அதன்மேல் தூங்கும் பூனை, பூனைக்கு அடியில் பாக்கிச் சீட்டு,
காளி கோயில் கோபுரத்தில்
எந்தச் சாமியின் தோள் என்று பாராமல் உட்காரும் புறா,
மின்சாரம் போனபின்
மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் என் தங்கை, கொட்டாவியோடு.

முதலாவது, பதினெட்டிலிருந்து இருநூறு.
கடை வாசலில் நின்று திருகினேன்.
எதிர்க் கட்டடத்து நாலாம் மாடியிலிருந்து
ஒரு கயிறு இறங்கியது,
நுனியில் கிளிப்பு, சின்ன மணி.
வெங்காயக்காரர் பையை மாட்ட, ஆடி ஆடி ஏறியது.
நானும் கூடவே ஏறினேன்.
நூறு. நூற்றைம்பது. இருநூறு.
கயிறு முடிந்த இடத்தில் ஒரு கை,
பிறகு தனகா காய்ந்த கன்னம்,
பிறகு ஒரு கண். அது நேராக என்னைப் பார்த்தது.

சன்னல் சாத்திக்கொண்டது.
வெங்காயம் பாதி வழியில் தொங்கியது.

இந்த ஊரில், இந்த வருஷங்களில்,
தெருவிலிருந்து நீளும் எதையும்
யாரும் வெறும் கண்ணாடி என்று நினைப்பதில்லை.
எனக்குத் தெரியாததா?
தெரியும்.
திருகும்போது மறந்துவிட்டது.

இரண்டாவது நல்ல வீட்டுப் பிள்ளை.
இருபத்துநாலு முதல் எழுபது,
கடைசிவரை இரண்டு புள்ளி எட்டு.
சொல்லிவைத்ததுபோல் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் உறுமுவதற்குள் கிடைத்த இருட்டில்
கோ தெய்ன் ஹானின் மூக்குக்கண்ணாடியை எடுத்தேன்;
அதன் விளிம்பில் தெருவெளிச்சம்
ஒரு நூலாக நின்றது.
அடடா.
எடை கேட்டேன். கொண்டைக்கடலையில் சொன்னால்
ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு.
விலை கேட்டேன். அதையும் கடலையில் போட்டுப் பார்த்தேன்,
மூட்டைகள் கடைக்குள் கொள்ளாமல்
நடைபாதைக்குப் போய்விட்டன.

மூன்றாவதை விற்க அவருக்கே மனமில்லை.
இருபத்தெட்டு, நூற்றைந்து. பழசு.
உள்ளே ஓரத்தில் பூஞ்சை;
ஏதோ ஒரு மழைக்காலம் அங்கேயே தங்கிவிட்டது.
கீழே சாய்த்தால் தானாக நீள்கிறது,
தண்ணீர் பார்த்த மாட்டின் கழுத்துபோல.
"கோளாறு" என்றார்.
"யாருடையது?"
"கல்யாணப் படம் எடுத்தவர். இப்போது மே சோட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம்.
விற்றால் பணம் அனுப்பச் சொன்னார்."
இதன் முன்னால் எத்தனை பேர்
இன்னும் கொஞ்சம் நெருங்கி, இன்னும் கொஞ்சம் என்று
தோள் இடிக்க நின்றிருப்பார்கள்.

பேரம் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ரசீதில் எந்தப் பெயர்?
கிடங்கில் நான் டின் டின் ஏ, வீட்டில் பூரணம்.
அந்தக் கோட்டில் ஒன்றுதான் கொள்ளும்.
பூரணம் என்றேன்.
பர்மிய எழுத்தில் அது
இரண்டுக்கும் நடுவே எங்கோ வந்து நின்றது.

வட்டரயிலில் மடிமேல் கேமரா.
ரயில் குலுங்கக் குலுங்க
லென்சு தானே இறங்கி நீண்டு
எதிர்ப் பெஞ்சில் வள்ளைக்கீரைக் கட்டுகளுக்கு நடுவே இருந்த
ஒரு பெண்ணின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவள் பார்த்துவிட்டாள்.
"காலையா எடுக்கிறாய்? முகத்தை எடு" என்று
தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

ஐம்பதோ அறுபதோ, நான் திருகவில்லை.
எழுந்து அவள் பக்கத்துக் கீரைக்கட்டை நகர்த்தி உட்கார்ந்து,
அது நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன்.
கன்னத்தோரம் கொஞ்சம் புகை படிந்ததுபோல் வந்தது.
பூஞ்சையாக இருக்கலாம்.
அந்த வேளையின் வெயிலாகவும் இருக்கலாம்.

இன்சேன் தாண்டியபிறகுதான் நினைவு வந்தது:
வீட்டில் வெங்காயம் இல்லை.